காற்றில்லாத ஏரியில் கெண்டை

என் மல்லிகா அக்காவுக்கு,

நீ காய்ச்சலோடு பஸ் ஏறி மலையிறங்கிப் போன பிறகு இங்கே ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. ஏரி நிரம்பியிருக்கிறது. நீ திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்தவற்றை, நீ திரும்பாமலே போய்விட்ட பிறகு, இனி எங்கே சொல்வது? அதனால்தான் பள்ளி ஆண்டு மலரில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்வேன். அது மற்றவர்களுக்காக, கோபித்துக்கொள்ளாதே.

நம் பள்ளிக்கு இரவலாக வந்த இரண்டு பாய்மரப் படகுகளில் ஒன்றைத் திருப்பிக் கேட்டு சென்னையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். அகலமான படகுக்கு எருமை என்றும் ஒல்லியானதற்குக் கெண்டை என்றும் நாம்தானே பெயர் வைத்தோம்? இரண்டிலும் இருவர்தான் போகலாம். பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்க்க வேண்டும், முன்னால் இருப்பவர் சின்னப் பாயை. எருமை கவிழாது, பிள்ளைகள் பழக நல்லது, அதுவே இருக்கட்டும் என்றார் பயிற்சி சார். ஆனால் கெண்டை உன் படகு. அது லாரியில் ஏறி மலையிறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்த மலையில் பெரும்பாலும் மெல்லிய காற்றுதானே வீசுகிறது, அதில் எது நன்றாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று சாரிடம் கேட்டேன். நானா கேட்டேன் என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. சனிக்கிழமை இரண்டும் ஏரியில் இருக்கும் மிதவையைச் சுற்றி வரட்டும், முதலில் வருவது இங்கே இருக்கட்டும் என்றார் அவர்.

எருமைக்கு என் வகுப்புப் பையன்கள் பெருமாளும் வேலுவும். கெண்டைக்கு நான் மட்டும். இதுவரை முன்னாலேயே உட்கார்ந்தவள் நான், இனி உன் இடத்தில் உட்கார வேண்டும். என் இடத்துக்கு யார்? உன் தங்கை ஜோதி வந்து நின்றாள். "நான் வர்றேன் கா. எனுக்கு வெயிட்டே இல்ல," என்றாள். உண்மைதான். எடை குறைந்த இருவருக்கு, மெல்லிய காற்றில், கெண்டை மாதிரி படகு அமையாது. ஆனால் அவளுக்கு வாயும் ஓயாது, உடம்பும் ஓயாது. உனக்குத் தெரியாததா?

பெருமாள் கரையிலேயே ஆரம்பித்துவிட்டான். "இன்னா பூங்கொடி, தொடப்பத்துல ரெண்டு ஈக்குச்சி ஏறிகினு வருது?"

"எருமைக்கு இன்னா அவசரம்? தண்ணியிலயே படுத்துக்கோ," என்றாள் ஜோதி.

புறப்படும்போது காற்று நன்றாகவே இருந்தது. எருமை முந்திக்கொண்டு போனது. நடு ஏரிக்கு வந்ததும் காற்று விழுந்துவிட்டது. உடனே ஜோதி எழுந்து நின்று சீட்டியடித்தாள். களத்தில் சாமை தூற்றும்போது காற்று நின்றால் நாம் எல்லோரும் செய்வதுதான். முறத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்துக் கூப்பிடுவோம். முதல் வருடம் நானும் இப்படித்தான் எழுந்தேன், நீ சிரித்தாய். களத்தில் அது சரி. படகில் அப்படிச் செய்தால் பாயில் தங்கியிருக்கிற கொஞ்சக் காற்றும் குலுங்கிப் போய்விடும். கெண்டை ஆடியது, பாய்கள் தொங்கின, நின்றேவிட்டோம்.

"உக்காரு ஜோதி. ஆடாத."

"காத்தே இல்லியே கா."

"கீது. நீ ஆடுறதால தெரியல."

அவளை முன்னால் நகர்ந்து, பாய் இருக்கும் பக்கமாகப் படுத்துக்கொள்ளச் சொன்னேன். படகு லேசாகச் சாய்ந்தது. சாய்ந்தால் பாய் தன் கனத்திலேயே வளைந்து நிற்கும், படகின் அடிப்பக்கமும் தண்ணீரில் குறைவாகத்தான் படியும். கயிற்றை இழுக்காதே, இரண்டு விரலில் பிடி என்றேன். ஜோதி வாயை மூடினாள். அவள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

எதிர்க்கரையில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே, ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கறுத்துச் சுருங்கியது. அங்கே காற்று இறங்குகிறது. ஆனால் மிதவைக்குப் போகும் நேர்வழி அது இல்லை. நேர்வழியில் எருமை நின்றுகொண்டிருந்தது. பெருமாள் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினான், சுக்கானை ஆட்டினான். நான் சுற்றுவழியைப் பிடித்தேன். தப்பாகிவிட்டால் உன் படகு போய்விடும். சரிதானா என்று கேட்க நீ இல்லை.

அதன்பின் நடந்ததை எப்படி எழுதுவது அக்கா? முகத்தில் காற்று படவில்லை. கரை மரங்களில் இலை அசையவில்லை. மலை முழுவதும் தலைகீழாக ஏரிக்குள் கிடந்தது. அந்த மலையின் மேல் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்! முன்பக்கத்தில் யாரோ மெதுவாகத் தண்ணீர் குடிப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்களை நகர்த்தியது எது? காற்று என்று புத்தகம் சொல்லும். எனக்கு அந்தச் சொல் போதவில்லை.

எருமையைக் கடந்தபோது பெருமாள் கேலி பேசவில்லை. "எப்பிடி போற?" என்று மட்டும் கேட்டான், கோயிலுக்குள் பேசுவதுபோல.

மிதவையைச் சுற்றித் திரும்பி வந்தோம். சார் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கெண்டையின் மூக்கைப் பிடித்தார். "இதுவே இங்க இருக்கட்டும்மா," என்றார். ஜோதி படுத்த இடத்திலேயே அழுதாள். நீ போனபோதுகூட அவள் யார் எதிரிலும் அழவில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். இரண்டு வருடம் உனக்கு முன்னால் உட்கார்ந்தேன், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. காற்று வருவது உனக்கு மட்டும் எப்படி முன்பே தெரிகிறது என்று மலைத்துப்போவேன். அன்று ஜோதியின் பின்கழுத்தில் ஓரிழை முடி எழுந்தது. அடுத்த நொடி படகு நகர்ந்தது. அத்தனை நாளும் நீ என்னைப் பார்த்துத்தான் ஓட்டினாயா?

ஜோதி இன்னும் கொஞ்சம் வளரட்டும். அவளைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, நான் பழையபடி முன்னால் போய் உட்காருவேன். நீ பார்த்ததை அவளும் பார்க்கட்டும். அதுவரை கெண்டையையும் அவளையும் நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா.

உன் தங்கைக்கும் இப்போது அக்காவாகிவிட்ட
உன் தங்கை,
பூங்கொடி