தலைகீழ் மயில்கள்

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணி இன்று ஒன்றரைக் கரண்டி கஞ்சி குடித்தார். மீதியை என்னைக் குடிக்கச் சொன்னார். எச்சில் என்றேன். "மூணு வயசுல என் தட்டுலதானே துன்ன, அப்ப தெரியலயா எச்சி?" என்றார். ஆள் படுத்துவிட்டாலும் வாய் மட்டும் எழுந்து நடமாடுகிறது.

பொங்கல் வரைக்கும் இருங்கள், இல்லையென்றால் இந்த வருஷம் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைக்காது என்றேன். சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது. இனிமேல் சிரிக்க வைக்கக் கூடாது என்று அண்ணியின் மருமகள் திட்டினாள்.

இந்த டைரி துர்கா கொடுத்தது. அண்ணியின் மகன் சபாபதிக்கும் இந்த மருமகளுக்கும் பிறந்தவள். எழுதினால் தாத்தாவுக்கு மறதி வராதாம். சரி, என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு எதற்குத்தான் இருக்கிறது.

ஜனவரி 14

பொங்கல். அண்ணி ஒரு விரல் அளவு சாப்பிட்டார். இனிப்பு போதாது என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஆறே காலுக்கு அண்ணி போய்விட்டார். காப்பி கொண்டு போனேன். குடிக்க ஆள் இல்லை.

ஜனவரி 20

பேரன் பேத்திகள் பதினொரு பேர் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். கல்யாணச் சாவு, யாரும் அழக் கூடாது என்று சபாபதி சொல்லிவிட்டு அவனே அழுதான். எழுபது வயதாகிறது, மூக்கு ஒழுகுவது பதினொரு வயதில் பார்த்த மாதிரியேதான். சுடுகாட்டில் வெட்டியானிடம் நான் ஏதோ சொல்லி நாலு பேர் சிரித்தார்கள். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் ராத்திரி சோற்றுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மருமகள் போட்டாள். ஆனாலும் யாரிடம் கேட்பது?

ஜனவரி 24

வருகிற மூன்றாம் தேதி பதினாறாம் நாள் படத்திறப்பு. அதற்காகத் தன் ஆயாவைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடிக்கிறாள் துர்கா. எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதினாள்.

முதலில் வயதிலேயே சண்டை. ஆதாரில் எண்பத்தாறு. அதெல்லாம் இல்லை, முப்பத்தொன்பதில் அத்தி வரதர் குளத்திலிருந்து வெளியே வந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள், கால் தொங்கியது என்று அண்ணியே சொல்வார். அப்போது ஐந்து வயது. எழுபத்தொன்பதிலும் பார்த்தார், போன தடவையும் வெயிலில் ஆறு மணி நேரம் நின்று பார்த்தார். ஆக தொண்ணூற்றொன்று. சர்க்கார் கணக்கைவிட வரதர் கணக்கு சரி.

பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எண்பது வயதில் தனியாக டவுன் பஸ் ஏறி செவிலிமேட்டுக்குப் போய் மருமகனைத் திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியது. அண்ணன் இறந்த அன்று, வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை கண்ணில் தண்ணீர் விடாதது. என் மனைவி போனபோது, பிள்ளை குட்டி இல்லாதவன் தனியாக எதற்கு என்று என் பெட்டியைத் தூக்கிவந்து பின்கட்டு அறையில் போட்டது. கரண்டியால் தலை தலையாகத் தட்டித்தான் பிள்ளைகளை எண்ணுவார்.

சபாபதி தலைகீழ் மயில் கதையைச் சொன்னான். தறியில் அவ்வளவு கைகாரி, ஒரே ஒரு தடவை கல்யாணச் சேலை முந்தியில் மயில் எல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நெய்துவிட்டாள் அம்மா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஜனவரி 25

எழுதித் தொலைக்கிறேன்.

அறுபத்தைந்தாம் வருஷம். எனக்குப் பதினாறு. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அண்ணன் நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் சுற்றிய நாடா தள்ளுவேன். இன்னொன்று அண்ணியுடையது. தெருவில் அப்படி ஒரு கை கிடையாது.

மயில் விழுவது அட்டையால். ஓட்டை போட்ட அட்டைகளை நூலில் வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டியிருக்கும். வரிசை மாறினால் மயிலும் மாறும். ஒரு மத்தியானம் அண்ணி அடுப்படியில் இருந்தபோது நூலை அறுத்து, அட்டையைத் திருப்பிக் கட்டிவிட்டேன். ஒரு மயில் விழுந்ததும் பார்ப்பார், கரண்டியோடு துரத்துவார், ஓடலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

அந்தத் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். அடியில் கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க முடியும். தினமும் பார்ப்பவர். அந்த இரண்டு நாள் மகள் அகிலாவுக்குக் காய்ச்சல், அவசரமாக நெய்தார், கண்ணாடி பிடித்துப் பார்க்கவில்லை. நான்? தாமல் ஏரி நிரம்பி வழிகிறது என்று கூட்டாளிகளோடு இரண்டு நாளும் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முந்தி முடிந்திருந்தது.

பட்டு நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி சேலையைத் தரையில் விரித்துப் பார்த்தார். பொம்பளை உட்கார்ந்தால் இப்படித்தான், இனி என் பாவு நூலை அவள் தொடக் கூடாது என்றார். அண்ணன் தலையாட்டினார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணியின் தறியில் என்னை உட்கார வைத்தார்கள். என் இடத்துக்குச் சபாபதியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிவந்தார்கள். ஆறாவது பாதியில். வகுப்பில் அவன்தான் முதல். அண்ணி அதன் பிறகு ஒருநாளும் தறியில் உட்காரவில்லை. அந்தத் தறியில் நான் நாற்பத்தெட்டு வருஷம் சம்பாதித்தேன்.

இதைத்தான் நேத்து சிரிச்சிக்கினு கேட்டுக்கினு இருந்தேன். மனுஷனா நானு?

ஜனவரி 28

தூக்கம் இல்லை. பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 31

புத்தகம் அச்சுக்குப் போகிறது. மயில் கதை நாலாம் பக்கம், படத்தோடு. எடுத்துவிடு என்று துர்காவிடம் சொன்னேன். ஏன் என்றாள். நன்றாக இல்லை என்றேன். "தாத்தா, அதுதான் பெஸ்ட். ஆயாவும் தப்பு பண்ணுவாங்கன்னு அதுலதான் தெரியுது" என்றாள்.

அண்ணி தப்பே பண்ணல. அதை எப்படிச் சொல்றது?

பிப்ரவரி 3, திங்கள்

பதினாறாம் நாள். மாலை போட்ட படம். நூறு பேர் இருப்பார்கள். சபாபதி மைக்கில் மயில் கதையை ஆரம்பித்தான். நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"அந்த அட்டையைத் திருப்பிக் கட்டனது நானு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கை தட்டினார். எழுபது வருஷம் பொய்யும் கிண்டலும் பேசியவன், இன்றைக்கு என்று யார் நம்புவார்கள்? "இன்னிக்கு வேணாம் தாத்தா" என்று துர்கா என் கையைப் பிடித்தாள். நான் முதலாளி பெயர், சேலை நிறம், தாமல் ஏரி எல்லாம் சொன்னேன். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

சபாபதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அப்ப ஆறாவது படிச்சிக்கினு இருந்தேன் சித்தப்பா" என்றான். மைக் இல்லாமல்தான் சொன்னான். எழுந்து வெளியே போனான்.

பந்தியில் நான் உட்காரவில்லை.

பிப்ரவரி 4

அகிலா செவிலிமேட்டுக்குக் கிளம்பும் முன் என் அறைக்கு வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

அறுந்த நூலைப் பார்த்த அன்றே தெரியுமாம். வீட்டில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான். என் முடிச்சு வேறு பக்கம் சுற்றும். அகிலாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று இவள் கேட்டதற்கு, சொல்லியிருந்தால் அண்ணன் என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார், தாய் இல்லாத பிள்ளை எங்கே போவான் என்றாராம்.

"அவனா சொன்னாலும் சோறு போடு, சொல்லலன்னாலும் சோறு போடுன்னாங்க. எனக்கு உன்மேல கோவம்தான் சித்தப்பா. அம்மாமேலயும் கோவம்தான். சபாவை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெரிஞ்சிக்கினேவா? அறுபது வருஷம், தெரிஞ்சிக்கினேவா எனக்கு மோர்ல பெருங்காயம் போட்டுக் குடுத்தீங்க அண்ணி? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை காதைத் திருகியிருக்கலாமே.

பிப்ரவரி 11

சபாபதி பேசவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவன் எழுந்து போகிறான். மருமகள் தட்டை அறையிலேயே கொண்டுவந்து வைக்கிறாள்.

பிப்ரவரி 13

துர்கா மீதிப் புத்தகங்களில் நாலாம் பக்கத்தின் மேல் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஆயா ஒரு தப்பும் நெய்ததில்லை என்று அதில் இருக்கிறது. என் பெயர் இல்லை. போடு என்றேன். அப்பாவைக் கேட்க வேண்டும் என்றாள்.

பிப்ரவரி 14

போடச் சொன்னானாம். எழுத்துப் பிழை இல்லாமல் முழுப் பெயரும் போடச் சொன்னானாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் மாசியம், மாதத் திதி. சொந்தக்காரர்கள் மட்டும். மருமகள் வழக்கம் போல என் தட்டை எடுத்துக்கொண்டு அறைப்பக்கம் திரும்பினாள். சபாபதி நிறுத்தினான். என் அறை வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"வந்து பந்தியில குந்து" என்றான்.

போய் உட்கார்ந்தேன். அவனே பரிமாறினான். என் முன்னால் வந்ததும் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மருமகளிடம் சொன்னான்:

"சித்தப்பாவுக்கு மட்டும் எலையைத் திருப்பிப் போடும்மா. அவருக்கு எதையும் நேராப் போட்டா புடிக்காது."

பந்தி முழுவதும் சிரித்தது. துர்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அகிலாகூட உதட்டைக் கடித்தாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள், என்ன பதில் வரப்போகிறது என்று. நாக்கு நுனியில் நாலு பதில் இருந்தது.

சொல்லவில்லை. இலையைத் திருப்பினார்கள். சபாபதி இரண்டு கரண்டி சோறு வைத்தான். சாப்பிட்டேன்.