லாந்தர் கண்ணாடி உடையவில்லை

பதில் எழுத முடியாத என் அன்பு அப்பாவுக்கு,

அம்மா நலம். மாதா கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போகிறாள். ஆனால் முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுகிறாள். பூசை முடியும் நேரத்துக்குத்தான் கன்னியம்மாள் மீன் கூடையோடு கோயில் வாசலைக் கடந்து போகிறாள். உங்களோடு செத்த குப்பனின் மனைவி. அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தன் புருஷனைக் கொன்றது நீங்கள் என்று நம்புகிறாள்.

நீங்கள் கிடங்குக்காரராக இருந்த பட்டறையின் அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. அடையாறு பெருகிக் கிடங்கில் நீர் புகுந்தது. கிடங்குக்காரர் எரியும் லாந்தரோடு உள்ளே போனார். வெடித்தது. மூன்றே வாக்கியங்கள். ஒரு வருஷமாக அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

வெல்டிங்குக்கு வைத்திருந்த கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வாயு கிளம்பும், அந்த வாயுவுக்கு ஒரு பொறி போதும். கல்லூரியில் படிக்கும் முன்பே இதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பீடியோடு வருபவனைக் கிடங்கு வாசலிலேயே நிறுத்துவீர்களே, நீங்களா லாந்தரோடு போனீர்கள்?

மானேஜர் அந்த லாந்தரைக் காட்டினார். இடிபாட்டில் கிடைத்ததாம். கிடங்கின் கூரையே ஆற்றில் போய் விழுந்திருக்கிறது. லாந்தர் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நம் வீட்டு லாந்தரோ சமையலறை ஆணியிலேயே தொங்குகிறது.

இன்னொன்று. ஆறு எப்போது வேண்டுமானாலும் வரும் என்றுதான் கார்பைடு டிரம்களை மார்பளவு மேடையில் அடுக்கி வைத்திருந்தீர்கள். அன்று கிடங்கில் புகுந்தது முழங்கால் தண்ணீர். அது எப்படி டிரம்மைத் தொட்டது?

போன ஞாயிற்றுக்கிழமை மேற்கு மாம்பலத்தில் மாணிக்கம் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். உங்கள் பட்டறையில் இருபது வருஷம் வெல்டிங் செய்தவர். காப்பி கொடுத்தார். பரீட்சை என்ன ஆயிற்று, எந்த ஆபீசில் சேரப் போகிறாய் என்று விசாரித்தார். நான் மேடையைப் பற்றிக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னா நைனா, இன்னும் அதையே கேட்டுக்கினு கீற?”

“டிரம்மையெல்லாம் இறக்கினது யாரு?”

“உங்கப்பாருதான்.”

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆயுத பூஜைக்குச் சாமி படம் வைக்க உயரமான இடம் வேண்டியிருந்தது. கிடங்கு மேடையை விட்டால் வேறு இல்லை. உங்களிடம் கேட்கவே கூசினார்களாம். நீங்களோ, மாட்டேன் என்றால் வேதக்காரன் தடுத்துவிட்டான் என்று ஆகிவிடும் என்று சிரித்துக்கொண்டே டிரம்களைத் தரையில் இறக்கினீர்களாம். ஒரு நாள்தானே. மறுநாள் படத்தை எடுத்ததும் ஏற்றிவிடலாம். அன்றைக்குத்தான் மழை பிடித்துக்கொண்டது.

“வெளக்கு எரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

மேஸ்திரி தலையாட்டினார். படத்தை எடுக்கும்வரை குத்துவிளக்கை அணைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

“மறுநா காலையில நான்தான் எண்ணெ ஊத்திட்டு வந்தேன். தண்ணி அப்ப வாசலத் தாண்டி வந்துக்கினு இருந்துச்சு. லேசா பூண்டு வாசனை அடிச்சுது. யாரோ சமைக்கறாங்கன்னு நெனச்சேன்.”

கார்பைடு வாயுவின் அந்தப் பூண்டு வாசனை இருபது வருஷத்தில் அவருக்குப் பழகியிருக்காதா? கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. டிரம்களைத் தூக்க நீங்களும் குப்பனும் உள்ளே போனது அதற்குப் பிறகு.

“சாமி வெளக்கால வெடிச்சுதுன்னு எந்த வாயால சொல்றது? மானேஜர் லாந்தர்னாரு. நாங்களும் சரின்னுட்டோம். செத்தவரு கோச்சுக்க மாட்டாருன்னு.”

கோபித்துக்கொள்ள மாட்டீர்களா, அப்பா?

ரயிலில் திரும்பும்போது எல்லோர் மேலும் சந்தேகமாக இருந்தது. உங்கள் மேலும். பூஜை அன்று மாலை நம் வீட்டு வாசலில் நின்று வெகு நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏன் அப்போதே கிடங்குக்குத் திரும்பிப் போகவில்லை? பூஜை நடந்த இடத்தைக் கலைக்கக் கூசினீர்களா? மழை ஒரு நாள் பொறுக்கும் என்று நினைத்தீர்களா? மறுநாள் விளக்கு எரியும் என்று தெரிந்துமா உள்ளே போனீர்கள்?

கிடங்கை அதே இடத்தில் மறுபடி கட்டிவிட்டார்கள். புதிய கிடங்குக்காரர். புதிய மேடை. அடுத்த வாரம் பூஜை. இந்த வருஷமும் படம் அங்கேதான் என்று மேஸ்திரி சொன்னார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளைக் காலை பட்டறைக்குப் போகிறேன். படத்துக்கு வேறு இடம் பாருங்கள், டிரம்மை இறக்காதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். ஏன் என்றும் சொல்வேன். மேஸ்திரி பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை.

அங்கிருந்து ஆற்றோரம் கன்னியம்மாள் குடிசைக்கு. லாந்தர் பொய் என்று அவளிடம் சொல்வேன். டிரம்களை இறக்கியது நீங்கள் என்பதையும் சொல்வேன். பாதியை மறைத்து உங்களை மீட்டுக்கொண்டு வர எனக்கு இஷ்டமில்லை. அதற்குப் பிறகும் அவள் உங்களை மன்னிக்கவில்லை என்றால், நீங்கள் செய்ததற்காக மன்னிக்காமல் இருக்கட்டும். செய்யாததற்காக வேண்டாம். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்களையும் கேள்வி கேட்கும்,
உங்கள் மூத்த மகன்