புலியை விரட்டிய குரல்

ஞாயிறு, இரவு.

கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சி, இன்றைக்குத்தான் புலிகள் காப்பகத்துக்குப் போனோம். வனத்துறை வேனில் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். புதரை விலக்கிக்கொண்டு புலி வந்தது. முகத்தை முழுசாகப் பார்க்கவில்லை, அதற்குள் பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் "ஏய்... ஹோய்!" என்று கத்தி வேன் தகரத்தைப் படபடவென்று தட்டினார். மக்காச்சோளக் கொல்லையில் காட்டுப்பன்றியை விரட்டுகிற அதே கத்தல். புலி ஒரே பாய்ச்சலில் மறைந்துவிட்டது. வேனில் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திட்டினார்கள்.

"இன்னாங்க, இது நம்ம கொல்லையா?" என்றேன்.

"பழக்கம்டி, வாய்ல தானா வந்துடுச்சு. கத்தலன்னா உன்னத் தூக்கிக்கினு போயிருக்கும்" என்று சிரித்தார்.

திரும்பி வந்து எங்கள் ஊர் சின்னசேலத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஊரெல்லாம் போன் போட்டு, புலியை விரட்டிய கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

போன மாதம் இவருடைய அண்ணன் வரப்பை வெட்டி எங்கள் நிலத்துக்குள் தள்ளிப் போட்டார். இவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, "போனா போவுது, வுடு" என்றார். பன்றிக்கும் புலிக்கும் திறக்கிற தொண்டை அண்ணனைக் கண்டால் மட்டும் அடைத்துக்கொள்கிறது.

இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார். தூங்கட்டும். விடிந்ததும் அந்த வரப்பில் நின்று நான் கத்தப் போகிறேன்.