தெருமுனையிலிருந்து கூப்பிட வேண்டாம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எல்லோரும் என்றால் யார், நானும் உங்கள் மகளும்தானே. அதில் பாதி நலம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவீர்கள். நடுவில் உங்கள் கப்பல் சமையல்காரர் எனக்கு வணக்கம் சொல்வார், எலக்ட்ரீஷியன் தும்முவார். நம் வீடோ, சமையலறையில் முணுமுணுத்தால் படுக்கையறையிலிருந்து பதில் வருகிற வீடு. போனிலேயே எழுதி அனுப்பலாம் என்றால் அதற்குப் பூட்டு எண் வைத்துக் கொடுத்தவளே உங்கள் மகள்தான். அதனால் கம்பெனி ஏஜெண்டிடம் கொடுத்து, அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வரும்படி அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் மற்ற சேதி. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் துணி சுற்றிவிட்டுப் போன வைத்தியம் அத்தோடு சரி. மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் நாற்காலியைத் தூக்கி நகர்த்தக் கற்றுக்கொள்ளவே இல்லை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளி லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். வாடிக்கையாளரைக் கவனிப்பதைவிட அதைத் துடைப்பதுதான் அதிகம். கண் பார்க்க வருகிற பிள்ளைகள் எழுத்தைப் படிக்கும்போதும் போனை மடியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அது ஒரு முறை அதிர்ந்தால் போதும், பலகையை விட்டுவிட்டு மடியைப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அவள் குளிக்கிறாள், படிக்கிறாள், தூங்கிவிட்டாள் என்று சொல்லி வந்தேன். ஒரு பெண் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள் என்று போன வாரம் நீங்களே கேட்டீர்கள். அவள் குளிக்கவில்லை. என் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று கையால் சைகை காட்டினாள். நான் மென்று விழுங்கினேன்.

பள்ளி ஓட்டப் போட்டியில் அவள் ஓடியதை யாரோ படம் பிடித்துக் கொடுக்க, அவள் தன் இணையப் பக்கத்தில் போட்டாள் அல்லவா? மூன்றாவதாகத்தான் வந்தாள். ஆனாலும் முகத்தில் எத்தனை பெருமை. அதன் கீழே நீங்கள் எழுதினீர்கள்: "என் வாத்துக்குட்டி ஓடுது பாருங்க. இது நடக்கவே நடக்காதுன்னு சொன்ன டாக்டர் எங்கே?" கூடவே பழைய படம் ஒன்றையும் சேர்த்திருந்தீர்கள். கம்பி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, உங்கள் விரலைப் பிடித்தபடி, ஒரு பக்கம் சாய்ந்து அவள் நிற்கும் படம். அந்தக் கம்பி உடைந்தபோதெல்லாம் நீங்களே பட்டறையில் பற்றவைத்துக் கொண்டுவந்து மாட்டுவீர்கள். உங்கள் வரியை நான் முதலாளிக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அவளுடைய கால் விஷயம் அந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாது என்பதை நாம் இருவருமே யோசிக்கவில்லை. வேகமாகப் போனால்தான் நடை லேசாக ஆடும். மற்றபடி யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவள் தேறிவிட்டாள். நமக்கு அது வெற்றி. அவளுக்கோ அது மூடி வைத்த விஷயம்.

நம் வீட்டில் சுருட்டை என்று கூப்பிடுவோமே, அவளுடைய உயிர்த்தோழி, பாதி நாள் நம் வீட்டில் சாப்பிட்ட பெண், அவள்தான் விளையாட்டாக அந்த ஓட்டத்தை மெதுவாக்கி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு வாத்துச் சத்தம் வைத்து, நீங்கள் போட்ட பழைய படத்தையும் முன்னால் ஒட்டிப் போட்டாள். தோழிகள் சிலருக்கு மட்டும் என்று நினைத்தாளாம். அங்கிருந்து வகுப்புக்குப் போனது, வகுப்பிலிருந்து பள்ளிக்கு, அப்புறம் நமக்கு யாரென்றே தெரியாதவர்களுக்கு. இப்போது அவள் நடந்தால் பின்னாலிருந்து குவாக் என்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் குவாக். போர்டில் கணக்குப் போட எழுந்து போனால் கடைசி பெஞ்சிலிருந்து மெல்ல ஒரு குவாக். ஆசிரியை திரும்பிப் பார்த்தால் எல்லாத் தலையும் புத்தகத்தில் இருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊருக்காவது ஒரு வாய் இருந்தது, போய் நின்று நாலு வார்த்தை கேட்கலாம். இந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும். அந்த வாத்துச் சத்த வீடியோ உங்களுக்கும் வந்தது. பிள்ளைகள் செல்லமாகக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை முகங்களை வரிசையாகப் போட்டு, நடுவில் இதயமும் வைத்தீர்கள். உங்கள் கப்பல்காரர்களும் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக என் முன்னால் அழுதாள். அதுவரை யார் என்ன செய்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், போனை என்னிடம் நீட்டி, "அப்பாவும் சிரிச்சிருக்காரும்மா" என்றாள். அப்பாவுக்குத் தெரியாது, நல்லது என்று நினைத்திருப்பார் என்றேன். அது அவளுக்கும் தெரியுமாம். தெரிந்தாலும் அந்த முகங்கள் அங்கேயே இருக்கின்றனவே என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை நல்ல மாதிரிதான், உட்காரவைத்துப் பேசினார். பள்ளிக்குள் போனுக்கு அனுமதியே கிடையாது, வெளியில் நடப்பதற்கு அவர்கள் என்ன செய்ய முடியும் என்றார். சத்தம் போட்டது யார், பெயர் சொல்லுங்கள் என்றார். யார் பெயரைச் சொல்வேன்? சுருட்டையின் வீட்டுக்கும் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள். அன்றே அழித்துவிட்டாளாம். அவள் அழித்தது அவளுடையதை மட்டும்தான். மற்றவர்கள் எடுத்து வைத்துக்கொண்டது அப்படியே சுற்றுகிறது. சண்டை போடத்தான் போனேன். கடைசியில் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டிவிட்டு வந்தேன். இப்போது அவளும் தனி, இவளும் தனி.

பிறகு உங்கள் மகளிடமிருந்து போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் மறுப்பே சொல்லவில்லை. "நான் பாக்கலன்னா அது நின்னுடுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு நாள் முழுக்க யார் என்ன போட்டிருப்பார்கள் என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் காணச் சகிக்காமல், நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். வைத்திருந்தாலும் வலி, பிடுங்கினாலும் வலி. இதை லென்ஸ்போல எந்தப் பக்கம் பிடித்துத் தேய்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். சாயங்காலம் நான் சமையலறையில் இருக்கும்போது அவள் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடக்கிறாள். வந்து குனிந்து பார்க்கிறாள். அழிக்கிறாள். மறுபடி நடக்கிறாள். தோள் ஆடாமல், கால் அகலாமல், சின்னச் சின்ன அடியாக. அதே கூடத்தில்தானே நீங்கள் அந்தக் கோடியில் மண்டி போட்டு உட்கார்ந்து, கையை விரித்து, வாத்துக்குட்டி வா வா என்று கூப்பிட்டீர்கள். அன்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வந்தாள். இப்போது கூப்பிட யாரும் இல்லாமல் நடந்து பழகுகிறாள். நான் தாளிப்பதுபோல் கரண்டியைச் சத்தம் செய்துகொண்டு நிற்கிறேன். வேறு என்ன செய்ய? பெற்றவள் என்று பெயர்தான்.

ஓடுவதை விட்டுவிட்டாள். கேட்டால் படிப்பு இருக்கிறது என்கிறாள்.

உங்களிடம் சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டேன். "சொல்லாதம்மா. பாவம், அங்க தனியா இருக்காரு" என்றாள். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதை மீறித்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. அந்தச் சிரிப்பு முகங்களை நீங்கள் எடுத்துவிட்டால் நான் சொல்லிவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். எடுக்காவிட்டால் அவை அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கும். எது சரி என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது. நீங்கள் யோசியுங்கள். கோபத்தில் அங்கே போய் யாரையும் திட்டி மட்டும் எழுதிவிடாதீர்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நெருப்பில் நெய் ஊற்றியதாகிவிடும்.

இன்னொன்று. போன துறைமுகத்தில் அவளுக்கென்று ஆளுயர மஞ்சள் வாத்துப் பொம்மை வாங்கியிருப்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொண்டுவராதீர்கள். சமையல்காரருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறதாமே, அதற்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எவ்வளவு ஆசையாகத் தூக்கி வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

வழக்கமாக லீவில் வரும்போது தெருமுனையிலேயே பெட்டியை இறக்கிவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வருவீர்கள். தெருவே சிரிக்கும், அவளும் வாசலுக்கு ஓடி வருவாள். இந்த முறை அப்படிக் கூப்பிடாதீர்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. பள்ளிப் பெயரைச் சொன்னால் யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது. இந்த வீட்டில் இப்போது அவளுக்குப் பெயரே இல்லை. 'இங்கே வா', 'சாப்பிடு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் பெல்லை மட்டும் அழுத்துங்கள். கதவைத் திறக்க அவளையே அனுப்புகிறேன். கூடத்தைக் கடந்து அவள் நடந்து வருவது ஜன்னல் வழியாகத் தெரியும். அப்போது காலைப் பார்த்துவிடாதீர்கள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

நீங்கள் வரும் வழியைப் பார்த்தபடி,
உங்கள் மகளின் அம்மா