விளக்குக் கண்ணாடிக்குப் போட்ட திரை

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், மூட்டுவலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு தனியாக இருக்காதே, டிக்கெட் போடுகிறேன், கிளம்பி வா என்று போனில் அழுதாய். போனில் சொன்னால் முழுசாகச் சொல்லி முடியாது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பா விளக்குக் காவல் பார்த்த நம் லைட்ஹவுஸின் பேய் ஞாபகம் இருக்கிறதா, அக்கரையில் தானாக எரிகிற புது விளக்கு வந்து நம்முடையதை மூடிய பிறகும், பகலில் மேலே வெள்ளையாக ஒரு பொம்பளை நிற்கிறாள், கடலுக்குப் போன புருஷனைத் தேடுகிறாள் என்று படகுக்காரர்கள் சொல்வார்களே. நீ பயந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டால், அது வேற யாருமில்லடி, உங்கம்மாதான் என்பார். அவர் சொன்னது பாதி உண்மை. அது என் கல்யாணத்துக்கு வாங்கிய படுக்கை விரிப்பு. விளக்கைச் சுற்றியிருக்கிற அந்தப் பெரிய கண்ணாடியில் வெயில் விழுந்தால் பூதக்கண்ணாடி மாதிரி பற்ற வைத்துவிடும், அதனால் பகலில் திரை போட வேண்டும், ஆபீஸ் கொடுத்தது கிழிந்ததும் நான்தான் விரிப்பை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். லைட்ஹவுஸை மூடிய பிறகும் அப்பா காலையில் போய்த் திரையை இழுத்துவிடுவார், சாயங்காலம் திறந்துவிடுவார், கண்ணாடியும் கொஞ்சம் கடலைப் பாக்கட்டுமே என்பார். உங்களுக்குத்தான் வேலை இல்லையே என்று திட்டினால், எனக்குத்தானே இல்ல, சூரியனுக்கு இருக்கே என்பார்.

போன வாரம் மீன்காரி வந்து, அக்கா, அண்ணன் போனதிலிருந்து பேயையும் காணோம், ரெண்டும் சேர்ந்தே போயிடுச்சு போல என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடைசி சாயங்காலம் அவர் திறந்து வைத்த திரை அப்படியே கிடக்கிறது, துக்கத்தில் எனக்கு அந்த நினைப்பே இல்லை. மறுநாள் காலை உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறினேன். ஜன்னல் சட்டம் ஓரிடத்தில் கருகியிருந்தது. திரையில் அவர் கை பிடிக்கிற இடம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு இழுத்துவிட்டேன். கீழே வந்தால் மீன்காரி, அக்கா, பேய் திரும்பி வந்துடுச்சு, நம்மளை விட்டுப் போக அதுக்கு மனசில்ல பாரு என்கிறாள். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

மழை ஓய்ந்ததும் ஆபீஸிலிருந்து வந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போகப் போகிறார்களாம். அதுவரை பேய் வேலையை நான்தான் பார்க்க வேண்டும், டிக்கெட் இப்போது போடாதே, கண்ணாடி இறங்கியதும் வருகிறேன். பிள்ளையைத் தலை ஈரத்தோடு தூங்க வைக்காதே. மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். உன் படுக்கையறை ஜன்னல் அளவை மறக்காமல் எழுதி அனுப்பு, வரும்போது திரையையும் கொண்டுவருகிறேன்.

உன் அம்மா