கடைசிப் பகுதி என் கையில்

அன்புள்ள அம்மா, முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் தையல் ஆலை விடுதியில் புதிய மர்ம நாவல்களை நாலாகப் பிரித்து, மெஷினில் ஓரம் தைத்து, ஆளுக்கொரு பகுதியாகப் படிக்கிறார்கள். புதிதாக வந்த எனக்குக் கடைசிப் பகுதிதான் முதலில் கிடைத்தது. செத்தது யாரென்றே தெரியாமல் படித்தும் கீழே வைக்க மனம் வரவில்லை.

கொலை செய்தது யாரென்று எனக்கு மட்டுமே தெரியும். ஒரு மாதமாக என் முகம் பார்க்காதவர்கள், "ஏ ஊமைக்கோட்டான், சொல்லுடி!" என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். சொல்லிவிட்டால் மறுபடி தனியாகிவிடுவேன் என்று வாயைத் திறக்கவில்லை.

என் பழைய தலையணை உறையைத் துவைக்காமல் அனுப்பு.

ஆலைச் சங்கு ஊதப்போகிறது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்று விடுதியிலிருந்து பிரசவத்துக்காக ஊருக்குக் கிளம்பிய அக்கா ஒருத்தி, "முடிவு தெரியாம எனக்குப் பிரசவமே ஆகாதுடி" என்றாள். நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து, கடைசிப் பகுதியை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே படித்தேன்.