பெடலின் கழுத்து

மார்ச் 11, 2025, செவ்வாய்

மறுபடியும் ஒரு பிரேக் பெடல் உடைந்து வந்திருக்கிறது. தோட்டங்களில் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையின் குலைகளை ஏற்றும் குட்டி லோரிக்கு எங்கள் பட்டறையில் வார்க்கும் அலுமினியப் பெடல். நல்லவேளை, சமதளம், ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முறிவு கழுத்தில், மொத்தமான இடத்தில். போன அக்டோபரில் லிங்கித் தோட்டத்தில் உடைந்ததும் இதே கழுத்துதான்.

மார்ச் 12

உடைந்து வரும் உலோகத்தைச் சோதிப்பது என் வேலை. வழக்கமாக மெல்லிய ஓரத்தில்தான் சாம்பிள் வெட்டுவோம். ரம்பத்துக்கு லேசு, மெருகேற்றவும் லேசு. இன்று கழுத்திலேயே வெட்டினேன்.

உருகிய உலோகம் உறையும்போது உள்ளே மரம்போலக் கிளை விட்டு வளரும். சீக்கிரம் குளிர்ந்தால் கிளைகள் நெருங்கி நிற்கும், பெடல் தாங்கும். மெதுவாகக் குளிர்ந்தால் கிளைகள் விலகிவிடும். நடுவே நொறுங்குகிற சிலிக்கானும் ஓட்டைகளும் சேரும். மெல்லிய ஓரம் எப்போதும் சீக்கிரம் குளிரும், எப்போதும் நல்ல பிள்ளை. அங்கே கிளை இடைவெளி 31 மைக்ரோன். கழுத்தில் 82! ஐம்பதைத் தாண்டவே கூடாது.

பெடல் வார்க்கும் அச்சைக் கழற்றச் சொன்னேன். கழுத்துப் பக்கத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் குழாய் உப்புப் படிந்து பாதி அடைத்துக் கிடக்கிறது. எத்தனை மாதமாகவோ.

மார்ச் 13

லிங்கிப் பெடல் இன்னும் அலமாரியில்தான் இருந்தது. அதன் கழுத்தையும் வெட்டினேன். 86.

அந்த லோரியை ஓட்டியவர் பெயர் சன்னாசி. இறக்கத்தில் பிரேக் உடைந்துவிட்டது என்று சொன்னார். லோரி மரத்தில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் தம்பி நல்லசாமி அங்கேயே இறந்துபோனார். நான் ஓரத்தை மட்டும் வெட்டிப் பார்த்து ரிப்போர்ட்டில் எழுதினேன்: "உலோகத்தில் குறையில்லை. மோதியதில் பெடல் முறிந்திருக்கலாம்." அதாவது, அந்த மனுஷன் பிரேக்கே மிதிக்கவில்லை என்று ஆகிவிட்டது. அந்த வரியை வைத்துத்தான் தோட்டத்தில் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். வார்ப்புக்கு அது எடுபடாது. நான் வெந்த சோற்றை மட்டும் நசுக்கிப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 14

மேனேஜர் ரவிச்சந்திரனிடம் காட்டினேன்.

"மோகனா, அது முடிஞ்ச கேஸ்லா. சும்மா கெடக்குற சங்க நீ ஏன் ஊதுற?"

"ஒரு ஆளு செத்துருக்காரு, சார்."

"இனிமே கழுத்துலயே வெட்டுவோம். போதும். பழசத் தொட்டா கம்பெனிக்குத்தான் அடி."

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷியா?

மார்ச் 17

கோயிலுக்குப் போனேன். சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

மார்ச் 20

திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, தோட்ட ஆபீசுக்கும் விசாரணை செய்தவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். விற்ற பெடல்களையெல்லாம் திரும்ப எடுக்கச் சொல்லியும் எழுதினேன். ரவிச்சந்திரன் இப்போது என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாரோயில் இருக்கும் வீட்டிலிருந்து கார் எடுத்துக்கொண்டு லிங்கிக்குப் போனேன். ரிப்போர்ட் மாறியதைச் சன்னாசி வீட்டில் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மனைவி தனலெட்சுமி கதவைத் திறந்து, கொல்லைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சன்னாசி கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எழுதினேன் என்பதையும்.

"படிச்சவங்க மிஷின் வச்சுப் பாத்து எழுதிட்டீங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு தங்கச்சி, மிதிச்சேனா இல்லையான்னு. அவகிட்ட என் தப்புதான்னு சொல்லிட்டேன். அதுலேருந்து பேச்சே இல்ல."

"மிதிச்சீங்கண்ணே."

கொஞ்ச நேரம் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தனம், நான் மிதிச்சிருக்கேன்!" என்று வீட்டுக்குள் கேட்கும்படி கத்தினார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தனலெட்சுமி ஏற்கெனவே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கணவரிடம் வந்து, அவர் தோளில் கை வைத்தார். ஆனால் பார்த்தது என்னை.

"எந்த எடத்துல வெட்டணும்னு அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியாதா?"

அன்றைக்குத் தீபாவளிக்கு இரண்டே நாள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பலகாரம் சுட வேண்டும். மொத்தமான கழுத்துத் துண்டை எடுத்தால் மறுநாளும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று ஓரத்தை வெட்டினேன். இதை இந்த நோட்டில்கூட நான் இதுவரை எழுதவில்லை.

"தெரியும்" என்றேன்.